இன்பம் சிஸ்டரின் உப்புத் தண்ணித் தொட்டி

இன்பத்துக்கு இந்த மாசத்தோடு பணி நிறைவு. அவளோடு வேலை பார்க்கிற நர்சுமார் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க பாட்டி என்று ஒரு பிள்ளை வந்து கேட்டது. ரெண்டு வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. எழுதவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் மாரிசெல்வி எழுதுகிறாள். எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் செய்ததையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். பதினோரு வருசம் என் வீட்டில் குடியிருந்தவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவள் வளர்த்த மீனைப் பற்றி.

எங்கள் வீடு ஆமத்தூரில். வீட்டுக்காரர் போன பிறகு தெக்குப் பக்கத்து ரெண்டு ரூமும் சும்மா கிடந்தன. வாடகைக்கு ஆள் வருகிறது என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி எத்தனை பேர் என்பதுதான். ஆள் கூடினால் தண்ணிச் செலவு கூடும். ஒருத்திதான் என்றாள். கையில் ஒரு பெட்டி, ஒரு பைபிள், ஒரு குக்கர். அம்புட்டுத்தான்.

எங்கள் பக்கத்தில் தண்ணி ரெண்டு வகை. ஒன்று உப்புத் தண்ணி. கொல்லைக் கிணற்றில் எப்போதும் கிடக்கும். பாத்திரம் கழுவ, துணி அலச, மாட்டைக் குளிப்பாட்ட அதுதான். இன்னொன்று நல்ல தண்ணி. தெருக்குழாயில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும். சில சமயம் பன்னிரண்டு நாள்கூட ஆகும். வரிசையில் குடத்தைப் போட்டு, இடத்தை விடாமல் நின்று பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உப்புத் தண்ணி கொடுக்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. சண்டைக்காரர் வந்தாலும் நல்ல தண்ணிதான். உப்புத் தண்ணியைக் கொடுத்தால் இனி இந்த வாசலுக்கு வராதே என்று சொன்னதாக அர்த்தம்.

இதையெல்லாம் முதல் நாளே இன்பத்திடம் சொன்னேன். அவள் நேரே கொல்லைக்குப் போனாள். ஒரு வாளி இறைத்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க ஊரு அளவுக்கு இல்லைக்கா. ஆனா சொந்தக்காரத் தண்ணிதான்" என்றாள்.

வேம்பார்ப் பக்கம் அவள் ஊர். எங்கள் ஆனைக்குட்டம் அணையிலிருந்து தண்ணி திறந்துவிட்டால், அது ஆற்றோடு ஆறாகச் சேர்ந்து, கடைசியில் வேம்பார் பக்கத்தில்தான் கடலுக்குள் போகும். அவளுடைய அப்பா அங்கே உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் நிற்கிற தண்ணியில் உப்பு எம்புட்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அதற்கு ஒரு கண்ணாடி மிதவை வைத்திருந்தார். காய்ச்சல் பார்க்கிற குச்சி மாதிரி இருக்கும், அடியில் மட்டும் குண்டு. நல்ல தண்ணியில் போட்டால் அமுங்கும். உப்பு ஏற ஏற மேலே எழும்பும். அவர் செத்த பிறகு அண்ணன் தம்பிகள் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்த மிதவையைக் கொடுங்கள் போதும் என்று வாங்கி வந்தவள் இவள்.

ஏன் கல்யாணம் பண்ணிக்கிடலை என்று முதல் வருசம் கேட்டேன். நேரம் இல்லைக்கா என்றாள். ரெண்டாம் வருசமும் கேட்டேன். இன்னும் நேரம் இல்லைக்கா என்றாள். அதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வருசத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளுக்கு வேலை தீக்காய வார்டில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சிவகாசிச் சீசன் நெருங்க நெருங்க அந்த வார்டில் கட்டில் பற்றாது. எத்தனையோ நாள் அவள் வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, அவள் சாப்பிடுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அவளுக்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

மீன் வந்தது நாலு வருசத்துக்கு முன்னால். ஊருக்குப் போனவள் திரும்பி வரும்போது மடியில் ஒரு தூக்குவாளி. சாத்தூரில் பஸ் மாறி, அதைக் கீழே வைக்காமலே கொண்டு வந்திருக்கிறாள். ஏதோ மீன் குழம்புதான் கொண்டு வருகிறாள் என்று நான் நினைத்தேன். திறந்தால் ஆறு குட்டி மீன். தட்டையாக, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி உடம்பு, நடு விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. உப்பளத்துக் கால்வாயில் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பிடிக்கிற மீனாம். கடல் தண்ணியும் ஆற்றுத் தண்ணியும் கலக்கிற இடத்தில் வாழ்கிற சாதி. அதற்கு ஏதோ பேர் சொன்னாள். நான் காசு மீன் என்றுதான் சொல்வேன்.

கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதில் கடைக் கேன் தண்ணியை ஊற்றினாள். பிறகு ஒரு பாக்கெட் கல்லுப்பைப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போட்டாள். ஊரெல்லாம் தண்ணியிலிருந்து உப்பை எடுக்க மிஷின் வைத்திருக்கிறது. உப்பை எடுத்த தண்ணியில் இவள் திரும்ப உப்பைப் போடுகிறாளே. போட்டுக் கலக்கி, அப்பாவின் மிதவையை விட்டுப் பார்த்தாள். நகப்பூச்சால் அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். தண்ணி மட்டம் அந்தக் கோட்டில் நின்றால் மீனுக்குச் சரி, கோடு முங்கினால் உப்பு குறைவு, மேலே நின்றால் அதிகம். எழுத்துத் தெரியாத எனக்கும் புரிகிற மாதிரிதான் சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் புரிந்தது. மனசு ஒப்பவில்லை. என் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு உசுருக்கு உப்புத் தண்ணி கொடுப்பதா?

பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவன். சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் தொட்டியைப் பார்க்க வந்துவிடுவான். கையெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கும்.

"ஏன் சிஸ்டர், இது எம்புட்டு வளர்ந்தா குழம்புக்கு ஆகும்?"

"உங்களுக்கு நான் ஊசி போடுற அன்னைக்கு அதே அளவு ஊசியா எடுத்துட்டு வாரேன். மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. மருந்துக் கையைத் தொட்டிக்குள்ள விட்டீகன்னா உங்களை வார்டுல சேர்த்துருவேன்."

அதற்குப் பிறகு அவன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வாசலில் நிற்பான். அவன் பெஞ்சாதி சொன்னாள், சோறு திங்கக்கூட இம்புட்டுக் கழுவ மாட்டாராம்.

எதற்கு இந்த வேலை என்று ஒரு நாள் இன்பத்திடம் கேட்டேன். "பகலெல்லாம் வலியில கத்துறவுகளோட இருக்கேன்க்கா. வீட்டுக்கு வந்தா கத்தாத ஒண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கணும் போல இருக்கு" என்றாள். அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆறு மீனில் ரெண்டு மட்டும் ஜோடி சேர்ந்தது. தொட்டிக்குள் கிடந்த ஓட்டுத் துண்டை ரெண்டும் வாயாலேயே துடைத்து, அதில் கடுகு கடுகாக முட்டை ஒட்டி வைத்தன. மற்ற நாலையும் கிட்டே விடாமல் விரட்டின. பொட்டை ஒரு பக்கம் நின்று துடுப்பால் விசிறும், அது களைத்தால் ஆண் வந்து நிற்கும். முறை போட்டு டூட்டி பார்க்கிறதுகளே என்று இன்பம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாசலைத் தாண்டும்போதே "குஞ்சு வந்திருச்சாக்கா?" என்றுதான் கேட்பாள்.

குஞ்சு வரவில்லை. மூன்றாம் நாள் முட்டையெல்லாம் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்துப்போனது. ரெண்டு மாசம் கழித்து இன்னொரு தடவை வைத்தன. அதுவும் வெளுத்தது. இன்பம் யார் யாரிடமோ போனில் கேட்டாள். உப்பு குறைந்தால் முட்டையில் பூசணம் பிடிக்குமாம். ஆனால் நான் அளந்துதானே போடுகிறேன், எப்படிக் குறைகிறது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரியும். அவள் டூட்டிக்குப் போகிற நாளில் தீனி போட நான்தான் சாவியை வாங்கி வைத்துக்கொள்வேன். தீனியோடு ஒரு சொம்பு நல்ல தண்ணியும் ஊற்றுவேன். தொட்டி நிறைந்து போகாமல் இருக்க ஒரு சொம்பு மொண்டு கொல்லையில் கொட்டிவிடுவேன். ஒரு சொம்புதானே, அது என்ன செய்யும் என்று நினைத்தேன். முட்டையிட்ட வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது பொல்லாதது பார்க்காமல் விடுவார்களா? மீன் வாயைத் திறந்து திறந்து குடிக்கிற மாதிரி இருக்கும். தவித்துப்போய்க் கிடந்ததுகள், இப்போது ஆசையாகக் குடிக்கின்றன என்று எனக்கே ஒரு திருப்தி.

மூன்றாம் தடவை முட்டை வைத்தது தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது. அன்றைக்குப் பார்த்து ஒரு கம்பெனியில் தீ விபத்து. சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. இன்பம் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ரெண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை போன் பண்ணினாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், முட்டை எப்படி இருக்கு என்று கேட்டாள். இந்தத் தடவை நல்லா இருக்கு, நீ கவலைப்படாதே என்றேன்.

அந்த ரெண்டாம் நாள்தான் தெருக்குழாயில் தண்ணி வந்தது. பதினொரு நாள் கழித்து வந்த தண்ணி. காலையிலிருந்து உச்சி வரைக்கும் நின்று நாலு குடம் பிடித்தேன். அங்கே அந்தப் பிள்ளை வெந்த உடம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இந்த முட்டையை நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், பழைய தண்ணியை மொண்டு கொட்டிவிட்டு, முழுக்குடத்தையும் மெதுவாக ஊற்றினேன். தொட்டி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் முட்டை அம்புட்டும் வெள்ளை. தாய் மீன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. மேனி மஞ்சள் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. ஆண் மட்டும் வெள்ளை முட்டைக்கு விசிறிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் இன்பம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, உடுப்பில் மருந்து வாசம். தொட்டியைப் பார்த்தாள். மிதவையை விட்டாள். சிவப்புக் கோடு எங்கேயோ ஆழத்தில் முங்கிப்போனது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"அக்கா, தண்ணி ஏதும் ஊத்துனீகளா?"

"இல்லையே. நான் ஏன் ஊத்துறேன்?"

எழுபத்தோரு வயசில் அப்படி ஒரு பொய். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்ப வெயிலுக்கு வத்தியிருக்கும்க்கா. அதுல உப்பு குறைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, உப்பை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றத் தொடங்கினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ராத்திரிச் சோறு வைக்கும்போது சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வேம்பாருக்குப் போய், ஆறு மீனையும் கால்வாயிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று. இங்கே இதுகளுக்கு ஒத்துக்கிடலை, என் ஆசைக்கு வைத்து எதற்கு வதைக்க வேண்டும் என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் முன்னால் உட்கார்ந்து பிடிவாதம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் புளிக்குழம்பு வைத்தேன். அடுப்பில் கொதிக்கிறபோது காய்க்காரன் வந்தான். கத்தரிக்காயில் பாதி சொத்தை. அவனிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் குழம்பு பாதியாகச் சுண்டிக் கிடந்தது. கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டேன். வாயில் வைக்க முடியவில்லை, அம்புட்டு உப்பு. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சுண்டினால் உப்பு கூடும். குறையாது. அம்பது வருசமாகக் குழம்பு வைக்கிற எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. வெயிலில் தண்ணி வற்றித்தானே உப்பளத்தில் உப்பே விளைகிறது? உப்பளத்துக்காரர் மகளுக்கு இது தெரியாதா? தண்ணியை நாக்கில் வைத்த மறுகணமே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒளிந்துகொள்ள ஒரு பொய்யை அவளே கொடுத்திருக்கிறாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் ரூமுக்குப் போனேன். தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஏத்தா இன்பம், நான்தான் ஊத்துனேன். ஒரு குடம். அதுக்கு முந்தியும் சொம்பு சொம்பா ஊத்தியிருக்கேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் கேக்கலை?"

"கேட்டேனே. நீங்க இல்லைன்னீக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. திட்ட வேண்டியதுதானே, எதற்கு வத்திப்போச்சு கித்திப்போச்சு என்று எனக்குக் கதை சொன்னாய் என்று சத்தம் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பதினொரு நாள் கழிச்சு வந்த தண்ணிக்கா அது. உச்சி வெயில்ல நின்னு பிடிச்சு, நீங்க குடிக்காம ஊத்தியிருக்கீக. அதை ஊத்தினவுகளை நான் எந்த வாயால திட்டுறது? ஊத்தாதீகன்னு சொன்னாலும் உங்களுக்கு மனசு கேக்காது. அதுக்குத்தான் மீனைக் கொண்டு விட்டுரலாம்னு பார்த்தேன்."

நான் கொல்லைப் பக்கம் திரும்பி, மிதவையை எடு என்றேன். எதற்கு என்றாள். எடு என்றேன். கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதில் விடச் சொன்னேன். கோடு கொஞ்சம்தான் முங்கியது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

இன்பம் வாளி முன்னால் குத்தவைத்து அதையே பார்த்தாள். கேன் தண்ணியை வாங்கி உப்பைப் போட்டுக்கொண்டிருந்தேனே, என் கண் முன்னாலேயே கிணறு இருந்திருக்கிறதே என்றாள். வந்த முதல் நாளே நாக்கில் வைத்துச் சொந்தக்காரத் தண்ணி என்று சொன்னவள் அவள்தான். ஆனால் அந்தக் கிணற்றை நான் பதினைந்து வருசமாக ஏசிக்கொண்டிருந்த ஏச்சில், அது எதற்காவது ஆகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இந்தக் கிணறு வெட்டி உப்புத் தண்ணியாக வந்ததில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆறு மாசம் பேச்சு இல்லாமல் இருந்தது. அவர் இருந்து இதைப் பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு மட்டும் போய்விட்டு வந்தாள். தொட்டித் தண்ணியை ஒரே நாளில் மாற்றக் கூடாதாம். தினம் ஒரு சொம்பாக எடுத்து, ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணி ஊற்ற வேண்டும். மிச்சக் குறைக்கு ஒரு சிட்டிகை கல்லுப்பு. அந்தச் சொம்பு வேலையை எனக்கே கொடுத்தாள். கோடு மட்டத்துக்கு வருகிற வரைக்கும் நான் ஒரு நாள் தப்பவில்லை. தாய் மீனுக்கு மஞ்சள் திரும்ப மூணு வாரம் ஆனது.

தை மாசம் மறுபடியும் முட்டை. நாலாம் நாள் அவள் டூட்டியில் இருந்தாள். நான் போய்ப் பார்த்தால் ஓட்டின் மேல் ஏதோ துடிக்கிறது. வால் மட்டும் ஆடுகிற தூசி மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லிச் சங்கிலிமுத்துவிடம் ஓடினேன். அங்கே யாரோ எடுத்து, சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். குஞ்சு வந்திருச்சுன்னு மட்டும் சொல்லுங்க என்றேன். யாருக்குக் குழந்தை, ஆணா பொண்ணா என்று அந்தப் பிள்ளை கேட்டது. நூத்துக்கு மேல இருக்கும், எண்ண முடியலை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நூறும் பிழைக்கவில்லை. சிலதைத் தாயே தின்றது, சிலதை மற்ற மீன் தின்றது. பதினேழு நின்றது. தாய் தகப்பன் உடம்பை உரசி உரசி, மேலே படிந்திருக்கிறதைத் தின்று வளர்ந்தன. இன்பம் வேலை விட்டு வந்து உடுப்பு மாற்றாமல் அப்படியே தொட்டி முன்னால் உட்காருவாள். நான் தட்டை அங்கேயே கொண்டு போவேன். கண்ணை எடுக்காமல் சாப்பிட்டு முடித்துவிடுவாள். என்ன குழம்பு என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எப்படியோ சோறு உள்ளே போனால் சரி.

அவள் எப்பேர்ப்பட்ட நர்சு என்று கேட்டு நீங்கள் மலர் போடுகிறீர்கள். எனக்கு மருந்து மாத்திரை தெரியாது. தப்புப் பண்ணின ஆளின் மனசு எங்கே வலிக்கும் என்று பார்த்து, அந்த இடத்தில் கை படாமல் கட்டுப் போடத் தெரிந்தவள். அவள் கையில் கிடந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்த மாசம் வேம்பாருக்குப் போகிறாள். பழைய ஜோடியில் தாய் மட்டும்தான் இப்போது இருக்கிறது. அதைத் தூக்குவாளியில் கொண்டு போகிறாள். பிறகு பொரிந்ததுகளையும் சேர்த்து மிச்சம் இருபத்து நாலும் தொட்டியும் இங்கேதான். போன மாசமே அந்த மிதவையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். உன் அப்பா நினைவாக வைத்திருக்கிறாயே, உனக்கு வேண்டாமா என்றேன்.

"எனக்கு நாக்கு இருக்குக்கா. உங்களுக்குத்தான் அடையாளம் வேணும்."

வாரத்துக்கு ரெண்டு தடவை விட்டுப் பார்க்கிறேன். கோடு மட்டத்தில்தான் நிற்கிறது. போன வாரம் சங்கிலிமுத்து பெஞ்சாதி வந்து, பாவம்க்கா, ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்களேன் என்றாள். சொம்பைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஊருக்கு வாங்கக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். மீனை மாரிசெல்வி பார்த்துக்கொண்டால் தைக்கு ஒரு எட்டுப் போய் வரலாம். இந்த வருசத்துக் கல்யாணக் கேள்வியும் பாக்கி நிற்கிறது. அங்கே போனால் எனக்குக் குடிக்க எந்தத் தண்ணி கொடுக்கிறாள் என்றும் பார்க்க வேண்டும்.